சாப்பிடாத சர்க்கரை

"ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லி. படுக்கும்போது குத்திப் பார்த்தேன், 118. காலையில எழுந்ததும் பார்த்தா 146. நடுவுல யாரு எனக்குச் சர்க்கரை ஊட்டினது?" சர்க்கரை நோய் உள்ள வீட்டில் ஏதாவது ஒரு காலையில் இந்தக் கேள்வி எழுந்தே தீரும். கேட்டவருக்கு உடனே இரண்டு சந்தேகங்கள் வரும். குளுக்கோமீட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது அதில் செருகும் பட்டை காலாவதியாகியிருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களின் சந்தேகம் வேறு: இவர் நடுராத்திரியில் எழுந்து டப்பாவைத் திறந்திருக்கிறார்.

பெரும்பாலும் எல்லாச் சந்தேகமும் தப்பு. அவர் சொல்வதும் உண்மை, மீட்டர் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் பார்க்கப்போகிறோம். கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். வழியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் ஆய்வகமும், மதுரைப் பக்கத்து வௌவால் குகை ஒன்றும் வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்று ரிப்போர்ட்டில் வந்தால், ஒவ்வொரு 100 மில்லி லிட்டர் ரத்தத்திலும் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். மொத்த ரத்தத்துக்கும் பெருக்கிப் பாருங்கள், 5 கிராம் வருகிறது. ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியமான ஒரு மனிதரின் ஒட்டுமொத்த ரத்தத்திலும், ஒரு டீயில் நாம் போடும் சர்க்கரைகூட இல்லை.

இப்போது செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. மணிக்கு 5 கிராம். நாம் தூங்கினாலும் மூளை பெரிதாகச் சிக்கனம் பிடிப்பதில்லை. கனவு காணும் நேரத்தில் விழிப்பு நேரத்துக்கு இணையாகவே செலவழிக்கும். அப்படியானால் வெளியிலிருந்து வரவே இல்லை என்றால், ரத்தத்தில் உள்ள அந்த ஒரு டீஸ்பூன் ஒரு மணி நேரத்தில் காலி. ஆனால் நாம் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஏழு மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறோம். சாப்பிட்டது பின்னிரவுக்குள் செரித்து முடிந்துவிடுகிறது. மயங்கி விழாமல் எப்படி எழுந்திருக்கிறோம்?

கல்லீரல் கொடுக்கிறது. சாப்பிட்ட நேரத்தில் உபரியாக வந்த குளுக்கோஸை அது கோத்து, கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாக ஏறக்குறைய 100 கிராம்வரை சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரவில் அதைப் பிரித்து, அளந்து அளந்து ரத்தத்தில் விடுகிறது. இருப்பு குறையக் குறைய, தசையிலிருந்து வரும் லாக்டேட், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால், புரதத்தின் துண்டுகள் என்று சர்க்கரையே அல்லாத பொருள்களிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஏனென்றால் நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு தப்பான எண்ணம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரை வாய் வழியாக வந்தது என்று நாம் நினைக்கிறோம். ஏறினால் எதையோ தின்றதால் ஏறியது, தின்னாவிட்டால் ஏறாது. இவ்வளவு எளிமையாக இருப்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. பல் மருத்துவரிடமும் கேட்டிருக்கிறேன், பால்காரரிடமும் கேட்டிருக்கிறேன், பதில் ஒன்றுதான்.

இந்த எண்ணத்துக்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களும் இப்படித்தான் நம்பினார்கள். சர்க்கரையை உண்டாக்குவது தாவரங்களின் வேலை, அதைத் தின்று எரிப்பது மட்டுமே விலங்குகளின் வேலை என்பது அன்றைய பாடம். பாரிஸில் இருந்த உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் இறைச்சியை மட்டுமே தின்ற நாய்களைச் சோதித்தார். மாவோ இனிப்போ கொஞ்சமும் உள்ளே போகவில்லை. ஆனாலும் கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. 1855இல் அவர் ஒரு கல்லீரலை எடுத்து, ரத்தக் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு, சர்க்கரை துளியும் இல்லாமல் போகும்வரை கழுவினார். அடுத்த நாள் அதே கல்லீரலைச் சோதித்தால் மறுபடியும் சர்க்கரை! உடம்பை விட்டு வெளியே வந்து, கழுவப்பட்டு, மேசை மேல் கிடந்த உறுப்பு தன் கையிருப்பிலிருந்து சர்க்கரை செய்துகொண்டிருந்தது. அந்தக் கையிருப்பைத்தான் 1857இல் அவர் பிரித்தெடுத்துக் காட்டி, கிளைக்கோஜன் என்று பெயர் வைத்தார்.

ஆகவே காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் சுகர் நேற்றைய சாப்பாட்டின் கணக்கு அல்ல. இரவெல்லாம் கல்லீரல் எவ்வளவு ஊற்றியது, அதைக் கட்டுப்படுத்த இன்சுலினால் எவ்வளவு முடிந்தது என்பதன் கணக்கு. இதை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். ஆனால் இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. கல்லீரல் இரவு முழுவதும் ஒரே சீராக ஊற்றினால், அளவும் ஒரே சீராகத்தானே இருக்க வேண்டும்? 118 ஏன் 146 ஆக வேண்டும்? அதுவும் பெரும்பாலும் விடிகாலை மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்?

கல்யாண மண்டபத்தின் பின்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு முகூர்த்தம். மண்டபம் முழுக்க ஜமக்காளம் விரித்து உறவுக்காரர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். பின்னால் மூன்று மணிக்கே கோட்டை அடுப்பு பற்றிவிடும். யாருக்கும் இன்னும் பசி எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எழுந்தவுடன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும் என்பது தலைமைச் சமையல்காரருக்குத் தெரியும். அந்தச் சமையல்காரர்தான் கல்லீரல். "நேரமாச்சு, அடுப்பை ஏத்து" என்று தட்டி எழுப்புகிறவர்கள் சில ஹார்மோன்கள். "போதும், இதுக்கு மேல வேண்டாம்" என்று கையமர்த்துகிறவர் இன்சுலின்.

தட்டி எழுப்புகிறவர்களில் முக்கியமானவர்கள் இருவர். வளர்ச்சி ஹார்மோன், தூங்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அலையாக வருகிறது. குழந்தைகளைச் சீக்கிரம் தூங்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இது தசையையும் திசுக்களையும் செப்பனிடும் ஹார்மோன். ஆனால் சில மணி நேரம் கழித்து, அதாவது விடியலை ஒட்டி, இன்சுலினின் பேச்சைக் கல்லீரலும் தசையும் கேட்காதபடி மந்தமாக்கும் வேலையையும் இதுவே செய்கிறது. மற்றவர் கார்ட்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்டதுபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது. நடுராத்திரியை ஒட்டி மிகக் குறைவாக இருந்து, இரண்டு மூன்று மணியிலிருந்து ஏறி, விழித்த அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். கார்ட்டிசாலை நாம் மன அழுத்தத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். பாவம், அது இல்லையென்றால் காலையில் படுக்கையை விட்டு எழவே தெம்பு இருக்காது.

சர்க்கரை நோய் இல்லாதவர் உடம்பிலும் விடிகாலையில் அடுப்பு ஏறத்தான் செய்கிறது. உடனே கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலினை விட்டு நிறுத்திவிடுகிறது. ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. சர்க்கரை நோயில் அந்தக் கையமர்த்தும் குரல் சன்னமாகிவிட்டது, கேட்கிற காதும் மந்தமாகிவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, பண்டம் குவிந்துகொண்டே இருக்கிறது, சாப்பிட ஆள் இன்னும் எழவில்லை. இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் விடியல் நிகழ்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது இருக்கிறது. பலரும் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை, வாய்வழி வந்த சர்க்கரையை ஏதோ செய்கிறது என்று நினைத்திருப்போம். அதன் முதல் வேலை கல்லீரலின் உற்பத்தியைக் குறைப்பது.

சரி, மூன்று மணி ஆயிற்று என்பது உடம்புக்கு எப்படித் தெரிகிறது? இருட்டறையில், கண் மூடி, போர்வைக்குள் இருக்கிறோம்.

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் புளியமரமும் மாலையில் இலையை மூடிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். வெயில் போனதால் மூடுகிறது என்றுதான் தோன்றும். 1729இல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாற்சிணுங்கிச் செடியை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது தன் நேரத்துக்கு இலையை விரித்தது, தன் நேரத்துக்கு மூடியது. கடிகாரம் வெளியே இல்லை, செடிக்குள் இருக்கிறது.

நம் ஊரில் இதை மிக அழகாகக் காட்டியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.கே. சந்திரசேகரன். பல்கலைக்கழகத்துக்கு அருகே இருக்கும் இருண்ட குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் வருடக்கணக்கில் கவனித்தார்கள். பகல் இரவு தெரியாத அந்த இருட்டில் கூண்டில் அடைபட்ட வௌவாலும், வெளியே பறந்து போய்த் திரும்பும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தைக் கொண்டே தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டத்திலிருந்து பிரித்தால் கடிகாரம் ஓடியது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் நேரத்திலிருந்து விலகியது. மனிதர்களை நாள்கணக்கில் நேரம் தெரியாமல் தங்கவைத்துப் பார்க்கும் தனியறை ஒன்றையும் அவர்கள் மதுரையில் அமைத்தார்கள். உலகின் பல இடங்களில் நடந்த இத்தகைய சோதனைகளிலிருந்து தெரியவந்தது: நம் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். தினமும் யாராவது அதைத் திருத்த வேண்டும்.

திருத்துவது காலை வெளிச்சம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். விழித்திரையில் உள்ள சில தனி அணுக்கள், உருவம் பார்ப்பதற்காக அல்லாமல் வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல்வதற்காகவே, இதற்குச் செய்தி அனுப்புகின்றன. நீலம் கலந்த வெளிச்சத்துக்கு அவை அதிகம் அசைந்து கொடுக்கும். வானமும் அந்த நிறம், கைப்பேசித் திரையிலும் அந்த நிறம் உண்டு. இருட்டியதும் இந்தக் கடிகாரத்தின் அனுமதியோடு மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது தூக்க மருந்து அல்ல. "வெளியே ராத்திரி" என்று எல்லா உறுப்புகளுக்கும் போகும் அறிவிப்பு.

வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் ஒன்றே ஒன்று இல்லை. ஈயின் மரபணுவில் 1971இல் தொடங்கிய தேடல், 2017இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அந்த வழியில் போனவர்கள் கண்டது, கல்லீரல், கணையம், கொழுப்பு என்று ஏறக்குறைய எல்லா உறுப்புகளின் அணுக்களுக்குள்ளும் சொந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பது. மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் திருத்திக்கொள்கிறது. கல்லீரலுக்குக் கண் கிடையாது. அது சோறு வரும் நேரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. ஜெனீவாவில் 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில், இரவில் இரை தேடும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி வைத்தார்கள். சில நாள்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகிவிட்டது. மூளையின் கடிகாரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரே உடம்பில் இரண்டு ஊர் நேரம்.

இரவு பத்தரைக்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறவர் உடம்பில் நடப்பதும் இதற்குப் பக்கத்தில்தான். மெலடோனின் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களிலும் மெலடோனினைக் கேட்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ராத்திரி அறிவிப்பு வந்ததும் அவை கொஞ்சம் கடை அடைக்கத் தொடங்கும். அதனால் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம்கூட, காலையில் தின்ற அதே உணவை இரவில் தின்றால் சர்க்கரை கூடுதலாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. நோய் வந்தவர்களுக்கு விடியல் நிகழ்வால் காலையும் கெட்டுவிடுவதால் இந்த வித்தியாசம் மங்கலாகத் தெரியலாம். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று நம் ஊர்ப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. எப்போது என்பதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. என் பார்வையில், எட்டு மணிக்குச் சாப்பிட்ட சாதாரணச் சோறு, பதினொரு மணிக்குச் சாப்பிட்ட சிறுதானியத்தைவிட மோசமாக இருக்க வாய்ப்பு குறைவு.

தூக்கத்தின் அளவும் இதில் சேர்கிறது. சிகாகோவில் 1999இல், நல்ல உடல்நலத்தோடு இருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு அதை அப்புறப்படுத்தும் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2004இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. இரண்டே இரவுகள் தூக்கம் குறைந்தால், வயிறு நிறைந்தது என்று கொழுப்பிலிருந்து சேதி சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைகிறது. பசியைத் தூண்ட இரைப்பையிலிருந்து கிளம்பும் கிரெலின் 28 சதவீதம் கூடுகிறது. தூங்காத மறுநாள் பத்து மணிக்கே பஜ்ஜி கடை கண்ணில் படுவதற்கு மனக் கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் இந்த டீயையும் விட்டுவிடக் கூடாது. பகல் முழுக்க மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் தூக்கத்தைக் கொண்டுவருவது. காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை நான்கு மணி டீ பரவாயில்லை; இரவு எட்டு மணி காபியை அப்படிச் சொல்ல மாட்டேன்.

இரவு வேலைக்காரர்களிடம் இந்த அறிவுரை எல்லாம் செல்லாது. நூற்பாலையில் மூன்றாம் ஷிஃப்டுக்குப் போகிறவரிடமும், வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரிடமும், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணிடமும் "சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கும்மா" என்று சொல்வதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. பாஸ்டனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் நாளை 28 மணி நேரமாக நீட்டி, பன்னிரண்டு மணி நேரம் பிசகி உண்ணவும் உறங்கவும் வைத்தார்கள். பத்து நாள்களுக்குள் அவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட பின் பார்த்த சர்க்கரை, நோயின் வாசலுக்கே வந்துவிட்டது. சாப்பாட்டின் அளவு மாறவில்லை, நேரம்தான் மாறியது. ஷிஃப்டை வாரத்துக்கு வாரம் மாற்றுவதா, நள்ளிரவு கேன்டீனில் பிரியாணி வைப்பதா, கஞ்சி வைப்பதா என்பதெல்லாம் நிர்வாகங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள்.

நாம் தொடங்கிய 146க்கு வருவோம். பலர் முதலில் செய்வது, இரவுச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்ப்பது. வாய்வழியாகத்தான் வந்தது என்ற பழைய எண்ணம் திரும்பி வந்துவிட்டது, பாருங்கள். பட்டினி கிடந்தால் கல்லீரல் சும்மா இருக்காது, அதன் வேலையே பட்டினிக் காலத்தில் ஊற்றுவது. இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் இரவில் பட்டினி கிடந்தால், நடுராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும்.

அதற்குப் பதிலாக, இரண்டு மூன்று இரவுகள் அலாரம் வைத்து, படுக்கும்போது ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். படுக்கும்போதே எண் உயர்ந்திருந்தால் விஷயம் இரவுச் சாப்பாட்டில் இருக்கிறது. நேரத்தை முன்னுக்கு நகர்த்தி, சாப்பிட்டபின் தெருவில் கொஞ்சம் நடந்தால் இறங்கும், ஏனென்றால் அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. மூன்று மணிக்கு 70க்குக் கீழே போயிருந்தால் மருந்தின் அளவு கூடுதலாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று மணிவரை அடங்கிக் கிடந்து அதன்பின் ஏறியிருந்தால், அது விடியல் நிகழ்வு. மருந்தின் வகையையோ, அதை எடுக்கும் நேரத்தையோ மருத்துவர் மாற்றிப் பார்ப்பார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. காலையில் எடுத்த ஓர் எண்ணை மட்டும் கொண்டுபோனால், மூன்றில் எது என்று அவராலும் சொல்ல முடியாது.